நோயோடு வாழக் கற்ற மரம்

"இந்த நோய் முழுமையாகப் போய்விடுமா?" நாள்பட்ட குடல் நோயோடும் கல்லீரல் நோயோடும் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருவோர் கேட்கும் கேள்விகளுள் இதுவே முதன்மையானது. நோயாளர் கேட்கத் தயங்கினால் உடன் வந்தவர் கேட்பார். சில நோய்களுக்கு 'ஆம்' என்று விடை கூற இயல்கிறது. வேறு பல நோய்களுக்கோ, 'நோய் உடலில் இருக்கும். அதனை அடக்கி வைக்கலாம்' என்றே கூற வேண்டியுள்ளது. அவ்விடையைக் கேட்டு முகம் வாடாதவர் குறைவு. நோய் அறவே நீங்கினால்தான் நலம் என்ற எண்ணம் நம்முள் ஆழமாக ஊன்றியிருக்கிறது.

அவ்வெண்ணத்தைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க உதவும் மரம் ஒன்று ஐரோப்பாவில் உண்டு. ஆங்கிலத்தில் அதனை ஸ்வீட் செஸ்நட் என்பர். நம் மண்ணில் பரவலாக வளராத மரமாதலால் தமிழ் வழக்கில் ஊன்றிய பெயர் அதற்கு இல்லை. இக்கட்டுரையில் செஸ்நட் என்றே அழைப்போம். ஒரு கொடிய தொற்றுநோய் அம்மரத்தைப் பற்றி எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. நோய் இன்னும் நீங்கவில்லை, மரமும் அழியவில்லை. இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறிய, முதலில் அம்மரத்தின் இயல்பை அறிதல் வேண்டும்.

மரமும் அதன் இயல்பும்

செஸ்நட்டின் அறிவியற் பெயர் காஸ்டானியா சடைவா. ஓக் மரங்களும் பீச் மரங்களும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. தென் ஐரோப்பாவும் துருக்கியும் காக்கசஸ் மலைப்பகுதியும் இதன் தாயகம். உரோமானியர் தம் ஆட்சி பரவிய இடங்கள் சிலவற்றில் இதன் சாகுபடியையும் பரப்பினர். சுண்ணாம்புச் சத்து மிகுந்த நிலத்தில் இது செழிப்பதில்லை. நீர் தேங்காத, சற்று அமிலத்தன்மையுடைய மலைச்சரிவுகளே இதற்கு உகந்தவை.

நன்கு வளர்ந்த மரம் 20 முதல் 35 மீட்டர் உயரம் வரை எழும். இளமையில் வழவழப்பாக இருக்கும் பட்டை, வயது ஏற ஏற ஆழ்ந்த வெடிப்புகள் கொள்கிறது. முதிய மரங்களில் அவ்வெடிப்புகள் நேராக ஓடாமல், முறுக்கிய கயிற்றின் புரிகள் போல அடிமரத்தைச் சுற்றிச் செல்லும். இலையுதிர்ந்த குளிர்காலத்திலும் இம்மரத்தை அடையாளம் காண அந்த முறுக்கே போதும். இலைகள் மாவிலையைப் போல நீண்டவை. ஆயினும் அவற்றின் விளிம்பில் இரம்பப் பற்கள் வரிசையாக நிற்கும்.

இம்மரம் பூப்பது கோடையில், சூன் சூலை மாதங்களில். வசந்தகாலத்தின் பின்பனி நீங்கிய பிறகே பூப்பதால் உறைபனியில் கருகும் ஆபத்து குறைவு. வெளிர்மஞ்சள் நிறத்தில் நீண்ட கதிர்களாக ஆண் பூக்கள் தோன்றும். அவற்றின் மணம் கனமானது, எல்லோர்க்கும் இனியதன்று. பெண் பூக்கள் சில கதிர்களின் அடியில் சிறு முடிச்சுகளாக அமைந்திருக்கும். காற்றும் தேனீக்களும் மகரந்தத்தைச் சுமக்கின்றன. ஒரு மரம் தன் மகரந்தத்தால் தானே நன்கு காய்ப்பதில்லை. அருகில் அவ்வினத்தைச் சேர்ந்த வேறொரு மரம் வேண்டும்.

இலையுதிர்காலத்தில் காய் முதிரும். முள்ளம்பன்றி சுருண்டு கிடப்பது போன்ற பச்சை முள்ளுறைக்குள் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று கொட்டைகள் இருக்கும். அக்டோபர் அளவில் உறை வெடித்துக் கொட்டைகள் நிலத்தில் உதிரும். புளியங்கொட்டையின் பளபளப்பும் பழுப்பும் அவற்றுக்கு உண்டு. நுனியில் சிறு குஞ்சம் போன்ற முனை காணப்படும். சுட்டோ வேகவைத்தோ உரித்தால் உள்ளிருக்கும் பருப்பு மாவாகவும் இனிப்பாகவும் இருக்கும். சுட்ட பலாக்கொட்டையை உண்டவர்க்கு அதன் சுவையை விளக்க வேண்டியதில்லை.

வெட்டினால் தழைப்பது

கரும்பை வெட்டிய பின் கட்டையிலிருந்து மறுதாம்பு தழைப்பதை நம் உழவர் நன்கறிவர். செஸ்நட் மரமும் அவ்வாறே. அடியோடு வெட்டினால், கட்டையைச் சுற்றிப் பல தளிர்கள் எழுந்து, நேரான கழிகளாக விரைந்து வளரும். இங்கிலாந்தின் கென்ட், சசெக்ஸ் மாவட்டங்களில் இம்மரங்களை ஏறத்தாழ 12 முதல் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டி, வேலிக்கழிகளாகப் பயன்படுத்தும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. மரத்தில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுந்திருப்பதால், மருந்து பூசாமலே மழையிலும் மண்ணிலும் அக்கழிகள் பல்லாண்டு தாங்கும்.

இவ்வியல்பின் உச்சத்தைக் காண வேண்டுமெனில் சிசிலித் தீவின் எட்னா எரிமலைக்குச் செல்ல வேண்டும். அதன் கிழக்குச் சரிவில், சாந்தல்ஃபியோ என்னும் ஊரில், 'நூறு குதிரைகளின் செஸ்நட்' என்று பெயர் பெற்ற மரம் நிற்கிறது. எரிமலை வாயிலிருந்து அதன் தொலைவு ஏறத்தாழ 8 கிலோமீட்டர். 1780-இல் அளந்தபோது அதன் சுற்றளவு 57.9 மீட்டர் எனப் பதிவாயிற்று. இன்று அது பல அடிமரங்களாகப் பிரிந்து நிற்கிறது. நிலத்தடியில் வேர் ஒன்றே. அதன் வயது 2000 முதல் 4000 ஆண்டுகள் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. இடிமழையில் சிக்கிய ஓர் அரசியும் அவளுடன் வந்த நூறு குதிரை வீரரும் அதன் நிழலில் ஒதுங்கினர் என்ற கதையே அப்பெயருக்குக் காரணம்.

ஏழையரின் ரொட்டி

கோதுமை விளையாத மலைநாடுகளில் செஸ்நட்டே தானியமாக இருந்தது. இத்தாலியர் இதனை 'ரொட்டி மரம்' என்றனர். பிரான்சுக்குரிய கோர்சிகாத் தீவில் காஸ்டானிச்சா என்னும் வட்டாரம் முழுவதுமே இம்மரத்தால் பெயர் பெற்றது. உதிர்ந்த கொட்டைகளைப் பொறுக்கி, கல்லால் கட்டிய சிறு குடிசையின் பரண்மேல் பரப்பி, கீழே மெல்லிய தீ மூட்டி, வாரக்கணக்கில் புகையில் உலர்த்துவர். உலர்ந்தவற்றை உரித்து அரைத்த மாவு குளிர்காலம் முழுமைக்கும் உணவாயிற்று. இத்தாலியின் தஸ்கனி மாநிலத்தில் அம்மாவில் ஆலிவ் எண்ணெயும் உலர்திராட்சையும் சேர்த்துச் சுடும் காஸ்டன்யாச்சோ என்னும் பண்டம் இன்றும் வழக்கில் உள்ளது.

செஸ்நட் 'கொட்டை' எனப்பட்டாலும், பாதாம், முந்திரி ஆகியவற்றோடு அதனை ஒருங்கு எண்ணலாகாது. பாதாமில் ஏறத்தாழ பாதி எடை கொழுப்பு. செஸ்நட்டில் கொழுப்பு 100 கிராமுக்கு 1 முதல் 2 கிராம் அளவே. பச்சையான பருப்பில் பாதியளவு நீர். எஞ்சியதில் பெரும்பகுதி மாவுச்சத்து. கொட்டைகளில் அரிதாகக் காணப்படும் வைட்டமின் சி, பச்சையான செஸ்நட்டில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 40 மில்லிகிராம் உள்ளது. சுடும்போது அது குறைகிறது.

உண்போர் அறிய வேண்டியவை

பாரிசிலோ இலண்டனிலோ வாழும் உறவினர் விடுமுறைக்கு வரும்போது செஸ்நட் பொட்டலங்களைக் கொண்டு வருவதுண்டு. அங்கே குளிர்காலத் தெருக்களில் இதனைச் சுட்டு விற்பதும் வழக்கம். ஆகவே நோயாளரும் அவர்தம் குடும்பத்தாரும் சில செய்திகளை அறிந்திருத்தல் நலம்.

நீரிழிவு உடையோர் இதனைப் பருப்பு வகையாகக் கருதாமல் சோறு, கிழங்கு ஆகியவற்றின் வரிசையில் வைக்க வேண்டும். சுட்ட செஸ்நட் 100 கிராமில் ஏறத்தாழ 53 கிராம் மாவுச்சத்து உண்டு. அதே எடையுள்ள சோற்றில் இருப்பது ஏறத்தாழ 28 கிராம். இதனை உண்ணும் வேளையில் சோற்றின் அளவைக் குறைக்க வேண்டும். சர்க்கரைப் பாகில் ஊறவைத்த செஸ்நட் மிட்டாய் நீரிழிவு உடையோர்க்கு ஏற்றதன்று.

சிறுநீரக நோயால் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்துவோர் கூடுதலாக எச்சரிக்கை கொள்ள வேண்டும். சுட்ட செஸ்நட் 100 கிராமில் ஏறத்தாழ 590 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளது. உணவியல் வல்லுநரைக் கேட்ட பின்னரே உண்ணுக.

சீலியாக் நோயாளர்க்கு ஒரு நற்செய்தி உண்டு. கோதுமையிலுள்ள குளூட்டன் செஸ்நட் மாவில் இயல்பாகவே இல்லை. எனினும் கடையில் வாங்கும் மாவு, கோதுமை அரைக்கும் ஆலையிலேயே அரைக்கப்பட்டிருக்கலாம். கோதுமை மாவு கலந்தும் இருக்கலாம். குளூட்டன் இல்லை என்ற குறிப்பு உறையில் உள்ளதா எனப் பார்த்து வாங்க வேண்டும்.

இரப்பர்க் கையுறையோ பலூனோ பட்டால் தோல் தடிப்போரும் மூச்சு இரைப்போரும் செஸ்நட்டை உண்ணுமுன் மருத்துவரைக் கேட்டல் வேண்டும். இரப்பர்ப் பாலில் உள்ள சில புரதங்களை ஒத்த புரதங்கள் வாழைப்பழம், வெண்ணெய்ப்பழம், கிவிப்பழம், செஸ்நட் ஆகியவற்றில் உள்ளன. அவற்றுள் ஒன்றை உண்டதும் வாய் அரித்தல், உதடு வீங்குதல், மூச்சுத் திணறல் ஆகியன நேர்ந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவை நாடுக. அறுவை சிகிச்சைக்கு முன் ஒவ்வாமை பற்றி மருத்துவர் கேட்கும்போது இதனையும் தவறாது கூறுக.

இன்னொரு செய்தி பெயர்க் குழப்பம் பற்றியது. ஹார்ஸ் செஸ்நட் என்பது முற்றிலும் வேறான மரம். அது நம் பூந்திக்கொட்டையின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் விதையில் எஸ்குலின், சபோனின் முதலிய நச்சுப் பொருள்கள் உள்ளன; உண்ணத் தகாதது. அதன் இலை, விரித்த கைவிரல்கள் போல ஐந்து முதல் ஏழு பிரிவுகள் உடையது. உறையில் முட்கள் குட்டையாகவும் அருகியும் இருக்கும். கொட்டையின் நுனியில் குஞ்சம் இராது. அவ்விதையின் நச்சு நீக்கிய சாறு காலில் புடைத்த நரம்புகளுக்கு மாத்திரையாக விற்கப்படுகிறது. அதனையும், குறிப்பாக இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோர், மருத்துவரைக் கேளாமல் வாங்கலாகாது.

கொள்ளைநோய் வந்த கதை

இனி, இம்மரத்தின் நோய்க்கு வருவோம். அக்கதை ஐரோப்பாவில் தொடங்கவில்லை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் இதன் உடன்பிறப்பான அமெரிக்கச் செஸ்நட் கோடிக்கணக்கில் நின்ற காலம் ஒன்றிருந்தது. 1904-இல் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலையில் நின்ற செஸ்நட் மரங்கள் சில பட்டுப்போகத் தொடங்கின. கிழக்கு ஆசிய நாடுகளிலிருந்து வந்த ஒரு பூஞ்சையே காரணம் எனப் பின்னர் தெரிந்தது. ஆசியச் செஸ்நட் மரங்கள் அப்பூஞ்சையோடு நெடுங்காலம் வாழ்ந்து எதிர்ப்பாற்றல் பெற்றவை. அமெரிக்க மரத்துக்கோ அது முன்பின் அறியாத பகை.

பட்டையிலுள்ள சிறு காயத்தின் வழியே பூஞ்சை உட்புகும். பட்டைக்கு அடியிலுள்ள உயிர்த்திசுவைத் தின்று பரவி, புண்ணாக விரியும். அப்புண் மரத்தைச் சுற்றி வளைத்தவுடன் உணவும் நீரும் செல்லும் வழி அடைபட்டு, மேற்பகுதி முழுவதும் மடியும். அமெரிக்காவில் அவ்வாறு மடிந்த மரங்கள் 300 கோடி முதல் 400 கோடி வரை இருக்கும் என மதிப்பிடுகின்றனர். அரை நூற்றாண்டுக்குள் ஒரு காட்டின் தலைமை மரம் காட்டிலிருந்தே மறைந்தது.

1938-இல் அதே பூஞ்சை இத்தாலியின் ஜெனோவா நகருக்கு அருகே காணப்பட்டது. அமெரிக்காவில் நேர்ந்தது அறிந்தோர் எல்லாம் ஐரோப்பியச் செஸ்நட்டின் முடிவும் நெருங்கியது என்றே எண்ணினர். நோயும் விரைந்து பரவியது. மலைவாழ் குடும்பங்கள் பலவற்றின் உணவும் வருவாயும் அம்மரங்களை நம்பியிருந்தன.

1950-களின் தொடக்கத்தில் அந்தோனியோ பிராகி என்னும் இத்தாலியத் தாவர நோயியல் அறிஞர் எதிர்பாராத ஒன்றைக் கண்டார். வெட்டித் தழைத்த மரங்கள் சிலவற்றில் பட்டைப் புண்கள் தாமே ஆறிக்கொண்டிருந்தன. பூஞ்சை அங்கே இருந்தது; எனினும் பட்டையின் மேற்புறத்தோடு நின்றுவிட்டது. அதன் அடியில் மரம் புதிய திசுவை வளர்த்துப் புண்ணை மூடியிருந்தது. பின்னர், 1960-களில், ழான் கிரான்ட் என்னும் பிரெஞ்சு அறிஞர் அத்தகைய புண்களிலிருந்து பூஞ்சையைப் பிரித்து ஆய்வகத்தில் வளர்த்தார். வழக்கமாகச் செம்மஞ்சள் நிறம் கொள்ளும் பூஞ்சை, இங்கே வெளிறி வெண்மையாக வளர்ந்தது. அதன் வீரியமும் குறைந்திருந்தது.

பூஞ்சையே நோயுற்றிருந்தது என்பதே அதற்கு விளக்கம். அதனுள் ஒரு வைரஸ் குடியேறியிருந்தது. அவ்வைரஸ் பூஞ்சையைக் கொல்லவில்லை. அதன் கொடுமையைத் தணித்தது. ஒரு பூஞ்சை இழை மற்றொன்றோடு ஒட்டி இணையும்போது வைரஸும் கடந்து செல்கிறது. இதனை அறிந்த பின், புண்ணைச் சுற்றிச் சிறு துளைகள் இட்டு, வீரியம் குன்றிய பூஞ்சையை அவற்றில் நிரப்பும் சிகிச்சை முறை பிரான்சில் உருவாயிற்று. ஐரோப்பாவின் பல பகுதிகளில் வைரஸ் இயற்கையாகவும் பரவியது. இன்று அங்குள்ள தோப்புகளில், தழும்பேறிப் புடைத்த பட்டையோடு காய்த்துக் குலுங்கும் மரங்களைக் காணலாம். அவற்றின் பட்டையைச் சுரண்டிப் பார்த்தால் பூஞ்சை இன்னும் இருக்கும்.

இதே சிகிச்சையை அமெரிக்காவிலும் செய்து பார்த்தனர். பெரும்பாலும் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. இழைகள் இணைவதற்குப் பூஞ்சைகள் ஒத்த வகையைச் சேர்ந்தவையாக இருத்தல் வேண்டும். அமெரிக்காவிலோ அவ்வகைகள் மிகப் பல. ஆதலால் வைரஸ் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவுவது தடைப்பட்டது. அமெரிக்க மரத்தின் இயல்பான எதிர்ப்பாற்றலும் குறைவு. அங்கும் வேர்கள் முற்றும் மடியவில்லை. மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் வேரைப் பூஞ்சையிடமிருந்து காக்கின்றன. பழைய கட்டைகளிலிருந்து தளிர்கள் இன்றும் எழுகின்றன. சில ஆண்டுகள் வளர்ந்து, மீண்டும் நோயுற்று மடிந்து, மீண்டும் தழைக்கின்றன.

நோயாளர்க்கும் உடனிருப்போர்க்கும்

மரத்தின் வரலாற்றை மனித உடலுக்கு அப்படியே பொருத்துவது பிழையாகும். மரத்துக்கு மனம் இல்லை, குடும்பம் இல்லை, மாதந்தோறும் மருந்துச் செலவும் இல்லை. ஆயினும் மருத்துவர் என்ற முறையில் சில ஒப்புமைகளை எடுத்துக் காட்ட விரும்புகிறேன்.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் பலரது உடலில் வாழ்நாள் முழுவதும் தங்கிவிடுகிறது. மருந்தினாலோ, சிலருக்கு உடலின் ஆற்றலினாலோ, அது அடங்கியிருக்கும்போது அவர்கள் உழைக்கிறார்கள், பிள்ளைகளை வளர்க்கிறார்கள், முதுமையையும் காண்கிறார்கள். குடல் அழற்சி நோய்களிலும் அழற்சி தணிந்து உட்சவ்வு ஆறிய நிலையைப் பல்லாண்டு நீட்டிக்க இயலும். கோப்பில் நோயின் பெயர் நீங்காது. ஆனால் அவருடைய நாள்களை அந்நோய் ஆள்வதில்லை. நாங்கள் சிகிச்சையின் பலனை அளப்பது இதனைக் கொண்டே.

அடங்கிய நோயைக் கண்காணிக்காமல் விடலாகாது என்பதையும் இங்கே வலியுறுத்த வேண்டும். செஸ்நட் தோப்பின் உரிமையாளர் புண் ஆறிய மரத்தையும் விட்டுவிடுவதில்லை. ஆண்டுதோறும் கிளைகளைப் பார்வையிட்டு, புதிய புண் கண்டால் வெட்டி நீக்குகிறார். 'நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று மாத்திரையைத் தாமே நிறுத்திய பின், அடங்கியிருந்த நோய் சீறி எழுந்து, மருத்துவமனையில் சேர்க்கும் நிலை பலருக்கு ஏற்படுகிறது. ஹெபடைடிஸ் பி மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும். நலமாக உணரும் காலத்திலும் குறித்த நாளில் இரத்தப் பரிசோதனைக்கு வருதல் சிகிச்சையின் ஒரு பகுதியே.

அமெரிக்க மரத்தின் அனுபவத்தில் மற்றொரு பாடம் உள்ளது. ஒரு நாட்டு மரத்தைக் காத்த சிகிச்சை மற்றொரு நாட்டு மரத்தைக் காக்கவில்லை. பக்கத்துப் படுக்கையில் இருப்பவர்க்குக் கேட்ட மருந்து தமக்குக் கேட்காதபோது, 'நான் என்ன குறை செய்தேன்?' என வருந்துவோர் உண்டு. குறை அவருடையதன்று. நோயின் வகையும் உடலின் இயல்பும் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. ஒரு மருந்து பலன் தராவிடில் அடுத்ததை நாடுவதே எங்கள் கடமை. அதற்காகும் காலத்தைப் பொறுத்துக்கொள்வது எளிதன்று என்பதையும் அறிவோம்.

உடனிருந்து கவனிப்போர்க்கு ஒரு சொல். அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது, 'முழுமையாகப் போய்விடுமா?' என்ற கேள்வியோடு இன்னும் மூன்று கேள்விகளையும் எழுதி வாருங்கள். நோய் இப்போது அடங்கியுள்ளதா? அது மீண்டும் கிளர்வதை எந்த அறிகுறியால் அறிவது? அடுத்த பரிசோதனை எப்போது? இம்மூன்றுக்கும் உங்கள் மருத்துவரால் தெளிவான விடை தர இயலும்.